யாருடைய மறதி?

கொடுத்த வாக்கை ஒருவர் மறந்துவிட்டால் அவர் பிழை செய்தவரா, அல்லது தம் கட்டுப்பாட்டில் இல்லாத ஒரு கேட்டுக்கு ஆளானவரா என்னும் கேள்வி அறவியலில் மிகப் பழையது. மறக்க வேண்டும் என்று முனைந்து எவரும் மறப்பதில்லை. எண்ணிச் செய்யாத ஒன்றுக்குப் பழி சுமத்துவது நியாயமாகாது என்று ஒருபுறம் தோன்ற, மறந்துவிட்டது என்ற ஒரே சொல்லால் எல்லாக் கடமைகளிலிருந்தும் நழுவிவிடலாம் என்றால் வாக்குக்கே பொருளில்லாமல் போகும் என்று மறுபுறம் தோன்றுகிறது. திருக்குறள், பொச்சாவாமை என்னும் 54ஆம் அதிகாரத்தைப் பொருட்பாலின் அரசியலில் வைத்திருப்பது இங்கே கருதத்தக்கது. அங்கே கடியப்படும் பொச்சாப்பு, மகிழ்ச்சியில் திளைத்துத் தன் காரியத்தைக் கைநழுவ விடும் சோர்வு. மூப்பாலும் நோயாலும் வரும் நினைவுக் குறைவை அந்தக் கணக்கில் சேர்க்க எவரும் துணியார். குற்றமாகிய மறதிக்கும் கேடாகிய மறதிக்கும் இடையில் இவ்வாறு இருந்துவந்த எல்லையை, தொலைபேசியையும் நாட்குறிப்பையும் ஒன்றாக்கிய தொடக்ககால ஸ்மார்ட்போன் ஓசையில்லாமல் நகர்த்தி வைத்துவிட்டது.

இவ்வகைக் கருவிகளில் முதலாவது என்று பொதுவாகக் கொள்ளப்படும் ஐ.பி.எம். சைமன் 1994இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஏறத்தாழ அரைக் கிலோ எடையிருந்த அது சில மாதங்களே சந்தையில் நின்றது. 1996இல் பாம் பைலட் என்னும் ஆர்கனைசர், அதாவது நாட்காட்டி, முகவரிகள், செய்யவேண்டியவற்றின் பட்டியல், சிறு குறிப்புகள் ஆகியவற்றைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்த, தொலைபேசி இல்லாத கையடக்கக் கருவி, வெளிவந்து பெருவெற்றி பெற்றது. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி பிறப்பதற்கு முன்பே அதன் அளவில் அறுத்த ஒரு மரக்கட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யாரேனும் சந்திப்புக்கு நேரம் கேட்டால் அதை எடுத்து எழுதுவதுபோல் பாவனை செய்து பார்த்தது அத்துறையில் எல்லோரும் அறிந்த செய்தி. அவரும் டோனா டுபின்ஸ்கியும் எட் காலிகனும் 1998இல் தொடங்கிய ஹேண்ட்ஸ்பிரிங் நிறுவனம், ஆர்கனைசருக்குள்ளேயே தொலைபேசியை வைத்த ட்ரியோ 180ஐ 2002இலும், ட்ரியோ 600ஐ 2003இலும் வெளியிட்டது. மூளையைப் பற்றிய ஆராய்ச்சியில் நெடுநாள் ஈடுபாடு கொண்டிருந்த ஹாக்கின்ஸ், சாண்ட்ரா பிளேக்ஸ்லியுடன் எழுதி 2004இல் வெளியிட்ட நூலில், அறிவு என்பது நினைவில் பதிந்த வரிசைகளைக் கொண்டு அடுத்து வரவிருப்பதை முன்னறிவதே என்று வாதிட்டார். அந்தக் கொள்கையைக் கொண்டு அளந்தால் அவருடைய கருவியில் இருந்தது நினைவே ஆகாது. அது எதையும் எதிர்பார்ப்பதில்லை, குறித்த நிமிடத்தில் மணியடிப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

பைலட்டில் எழுதப்பட்டவை ரேம் எனப்படும் நினைவகத்தில், அதாவது மின்சாரம் உள்ளவரை மட்டுமே பதிவுகளைத் தாங்கும் சில்லில் இருந்தன. இரண்டு சிறு பேட்டரிகளில் அது வாரக்கணக்கில் ஓடியதால் இந்தப் பலவீனம் அவ்வளவாக உறுத்தவில்லை. ட்ரியோ 600இலும் இதே ஏற்பாடு தொடர்ந்தது. ஆனால் இப்போது, செல்பேசிக் கோபுரத்தோடு ஓயாமல் தொடர்புகொள்ள வேண்டிய தொலைபேசியும் அதே பேட்டரியிலிருந்துதான் மின்சாரம் எடுத்தது. சார்ஜ் தாழ்ந்தபோது முதலில் தொலைபேசி அடங்கியது, பிறகு திரை எழ மறுத்தது, எஞ்சிய சிறிதளவு மின்சாரம் பதிவுகளைக் காப்பதற்கே செலவானது. அப்போதும் சார்ஜரில் மாட்டாமல் விட்டால், மீண்டும் உயிர்பெற்ற கருவி ஒரு பெயரும் ஒரு தேதியும் இல்லாமல், திரையின் குறியிட்ட இடங்களைத் தொட்டுச் சரிசெய்யும்படி, வாங்கிய அன்று கேட்டதுபோலவே கேட்டது. நீண்ட நேரம் பேசியவர் தம் நினைவின் இருப்பையே செலவழித்தார் என்று சொன்னால் அதில் மிகை சிறிதே.

இந்நிலையில் ஒரு சந்திப்பைத் தவறவிட்டவர், நினைவு தவறிவிட்டது என்று சொல்லித் தப்ப இயலாது. தேதியைக் கருவியில் எழுதி மனத்திலிருந்து இறக்கிவைத்த அன்றே, அதற்குச் சார்ஜ் ஏற்றும் கடமையையும், ஹாட்சிங்க் எனப்பட்ட முறையில் மேசைக் கணினியில் அதன் படியைப் புதுப்பித்து வைக்கும் கடமையையும் அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார். மூளையைப் பேணும் கடமை இவ்வளவு திட்டவட்டமாக எவர்மீதும் சுமத்தப்பட்டதில்லை. நேற்றிரவு சார்ஜரில் மாட்டினாரா இல்லையா என்பதோ ஆம், இல்லை என்ற விடையுடைய கேள்வி. இயல்பான மறதிக்கு உலகம் காட்டிவந்த இரக்கம், பேணப்படாத கருவியின் மறதிக்குக் கிடைப்பதில்லை. அப்படிக் கிடைக்காததும் முறையே என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆயினும் கருவியில் இருந்தது உண்மையாகவே அவருடைய நினைவுதானா என்பது முன்னதாகத் தீரவேண்டிய கேள்வி. ஆண்டி கிளார்க், டேவிட் சால்மர்ஸ் என்னும் தத்துவ ஆசிரியர்கள் 1998இல் எழுதிய கட்டுரையில், மனம் மண்டையோட்டுக்குள் முடிந்துவிடுவதில்லை என்று வாதிட்டனர். அவர்கள் கற்பனை செய்த ஆட்டோ என்பவர் அல்சைமர் நோயாளி. நியூயார்க் நவீனக் கலைக் கூடம் 53ஆம் தெருவில் இருக்கிறது என்பதைத் தம் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தே அறிபவர். அந்தப் புத்தகம் எப்போதும் உடன் இருந்து தடையின்றி எட்டினால், அதில் உள்ளதை அவர் ஐயமின்றி ஏற்கவும் செய்தால், பிறருக்கு மூளை செய்யும் வேலையை அவருக்கு அதுவே செய்வதால், அதையும் அவர் மனத்தின் பகுதியாகக் கொள்ளவேண்டும் என்பது அவர்களுடைய முடிவு. கிளார்க்கின் 2008ஆம் ஆண்டு நூலுக்கு எழுதிய முன்னுரையைச் சால்மர்ஸ் தாம் வாங்கிய ஐஃபோனைப் பற்றிய பேச்சோடு தொடங்குகிறார். கட்டுரை வெளிவந்த ஆண்டிலேயே பைலட் பலருடைய சட்டைப்பையில் இருந்தது; உதாரணத்தைத் தேடி நோயாளியிடம் போயிருக்கவே தேவையில்லை.

இந்த வாதத்தின் வலிமை பெரிது. ஆனால் கருவியோடு வாழ்ந்தவர்கள் கண்ட ஒரு சிறு நிகழ்ச்சியில் அது இடறுகிறது. கட்டைவிரல்களால் சிறு பொத்தான்களை அழுத்தி அவசரமாக எழுதப்பட்ட குறிப்பு பெரும்பாலும் இரண்டெழுத்தும் ஒரு நேரமுமாகவே இருக்கும். மூன்று மாதம் கழித்து மணியடித்து, ‘ரா.கு. 4.30’ என்று திரை காட்டும்போது, அந்த எழுத்துகள் யாரைக் குறித்தன என்பது உடையவருக்கே விளங்காமல் போவதுண்டு. பதிவு பழுதின்றி இருக்கிறது, எட்டுகிறது, ஐயமின்றி ஏற்கவும்படுகிறது. நினைவு மட்டும் இல்லை. இந்தியத் தத்துவ மரபுகளுள் ஒன்றாகிய நியாய தரிசனம், அனுபவம் விட்டுச்செல்லும் பதிவாகிய சமஸ்காரத்தையும் அதிலிருந்து எழும் நினைவாகிய ஸ்மிருதியையும் வேறுபடுத்தி, முன்பு கண்டவனே இப்போது காண்கிறான் என்று அறியும் பிரத்தியபிக்ஞையை, அதாவது மீளறிதலை, ஆன்மா உண்டு என்பதற்குச் சான்றாக முன்வைத்தது. ஆன்மாவை மறுத்த வசுபந்து முதலிய பௌத்தர்களோ, நினைவு எழ நிலையான உடையவன் வேண்டியதில்லை, ஒரே தொடர்ச்சியில் அமைந்த காரணகாரிய ஓட்டமே போதும் என்றனர். இந்த வழக்கில் எந்தத் தரப்பை ஏற்றாலும் ‘ரா.கு.’ நினைவாகத் தேறாது; நியாயத்தின்படி அங்கே மீளறிதல் நிகழவில்லை, பௌத்தத்தின்படி தொடர்ச்சி அறுந்துவிட்டது. புனித அகஸ்டின் தம் ஒப்புதல்கள் நூலின் பத்தாம் பகுதியில், தொலைந்ததை முற்றிலும் மறந்தவனால் அதைத் தேடவும் முடியாது என்று வியப்போடு எழுதுகிறார். இங்கே தொலையாமல் கைக்கே வந்து சேர்ந்த ஒன்று அடையாளம் தெரியாமல் கிடக்கிறது.

ஆகவே கருவியில் இருப்பதைக் கடன் பத்திரத்துக்கு ஒப்பிடுவதே பொருத்தம்: எழுதியவர் அதன் வாசகத்தை மறந்தாலும் கடன் மாறுவதில்லை. சந்திப்பு என்பது எதிரில் மற்றொருவர் காத்திருக்கும் ஒன்று. அந்த மற்றவரை ஆட்டோவின் நோட்டுப் புத்தகத்தில் காணமுடியாது, ட்ரியோவில் அவர் அழைக்கவும் செய்கிறார். ஆர்கனைசர் தனியாக இருந்தவரை அது உடையவர் குறித்துவைத்தபடி மட்டுமே பேசியது. தொலைபேசி அதற்குள் வந்தபின், நாட்குறிப்பைப் பார்க்க எடுத்த கையிலேயே பிறருடைய அழைப்பும் வந்து நின்றது. ட்ரியோ 600இன் தலைப்பக்கத்தில் ஒலியை அடக்கும் ஒரு சிறு நகர்த்துப் பொத்தான் இருந்தது. வழிபாட்டிடத்தில் நுழைபவர் அதைத் தள்ளிவிட்டால் அழைப்பொலியோடு நினைவூட்டும் ஒலிகளும் சேர்ந்தே அடங்கின. பிறர் தொந்தரவு வேண்டாம் என்று ஒதுங்கியவர், தாம் முன்பு பிறருக்குக் கொடுத்த வாக்கின் குரலையும் அதே விரலசைவில் அடக்கினார் என்பது, வடிவமைத்தவர்கள் எண்ணிப் பார்த்திராத ஓர் அறச்சிக்கல்.

2004இல் வந்த ட்ரியோ 650, மின்சாரம் அற்றாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் பதிவுகளை வைத்து முதற்சிக்கலைத் தீர்த்தது. ஆனால் அதற்கு முன்பே, 2002இல், டேஞ்சர் நிறுவனம் உருவாக்கி அமெரிக்காவில் டி-மொபைல் சைட்கிக் என்ற பெயரில் விற்ற கருவி வேறொரு வழியைத் தேர்ந்திருந்தது. பயனரின் முகவரிகளும் நாட்குறிப்பும் நிறுவனத்தின் சர்வர்களிலேயே காக்கப்பட்டன. 2009 அக்டோபரில், டேஞ்சர் மைக்ரோசாஃப்டின் உடைமையாகிவிட்டிருந்த காலத்தில், அந்தச் சர்வர்கள் பழுதுபட்டன. கருவியில் எஞ்சியிருப்பது தவிர மற்றவை ஏறத்தாழ இழக்கப்பட்டன என்று முதலில் அறிவிக்கப்பட்டது, பேட்டரியைக் கழற்றவோ சார்ஜ் முழுதும் தீரவிடவோ வேண்டாம் என்று பயனர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர், பெரும்பாலானவை பின்னர் மீட்கப்பட்டன. அந்த நாட்களில் ஒரு சந்திப்பைத் தவறவிட்டவர், சார்ஜ் ஏற்றுவதிலும் பேணுவதிலும் குறை வைக்காதவராக இருந்திருக்கலாம்; எனினும் காத்திருந்தவரிடம் சர்வரைக் காட்டி ஒதுங்கிக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்று கொள்வது கடினம், ஏனெனில் வாக்குக் கொடுத்தது அவர், அதைக் காக்க யாரை நம்புவது என்று தேர்ந்ததும் அவரே. நிறுவனம் அவருக்குப் பொறுப்பு. காத்திருந்தவருக்குப் பொறுப்பு இன்னும் அவர்தான்.