எழுதுகிற கைக்கு வாய் உண்டா?

எழுத்துக்குச் சாதி கிடையாது என்று தமிழ் படித்தவர்கள் சொல்வார்கள். எம்.ஏ. வகுப்பில் நானும் அதைக் கேட்டுவிட்டு வந்தவன்தான். உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எல்லாம் இலக்கணத்தில் அதனதன் இடத்தில் இருக்கின்றன. இருக்கட்டும். அந்த எழுத்தைச் சுவரிலும் தகரத்திலும் எழுதுகிறவனுக்குச் சாதி இருக்கிறது. கூலி பாக்கி இருக்கிறது. ஏணிக்கு அடியில் நின்று, 'அந்த ள-வுக்கு வயிறு பெருசாப் போச்சு பாரு' என்று குறை சொல்லும் முதலாளி இருக்கிறார். இப்படி எழுதப்பட்ட போர்டில் உள்ள வாசகத்துக்கு யார் பொறுப்பு? காசு கொடுத்தவரா, எழுதிய கையா?

கோயம்புத்தூரில் போர்டு எழுதும் ஒருவரை வைத்துத்தான் இதை யோசிக்கிறேன். உறவுமுறையில் எனக்கு மாமா. பேர் போடட்டுமா என்று கேட்டேன். 'ஊரு பூரா அடுத்தவன் பேர எழுதியாச்சு மாப்ளே, எம்பேரு எதுக்கு' என்றார். பதினாலு வயதில் காந்திபுரத்தில் ஒரு ஆர்ட்ஸ் கடையில் பிரஷ் கழுவச் சேர்ந்தவர். இப்போது அறுபதை நெருங்குகிறார். அத்தை மாநகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். விடிவதற்கு முன்னே கிளம்பிவிடுவார். சோறு வடித்து, ரசம் வைத்து, மகளைக் காலேஜுக்கு அனுப்புவது மாமாதான். மண்ணெண்ணெய் போட்டு எத்தனை முறை கழுவினாலும் தின்னர் வாடை கையை விட்டுப் போவதில்லை. 'எனக்கு ரசமே தின்னர் வாசந்தான்' என்பார். வீட்டில் பேசுவது தெலுங்கு. கொங்குநாட்டு அருந்ததியர் பலர் வீட்டிலும் அப்படித்தான். வீட்டுப் பேச்சுக்கு ஓர் எழுத்துக்கூடப் படிக்காமல், வீட்டுக்கு வெளியே இருக்கும் மொழியின் எழுத்தை ஊரே நின்று பார்க்கும்படி எழுதிய கை அது.

அந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு அடித்துக் காய்ந்த சுவர். நீலத்தில் முக்கிய நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் கோடு விழும். அப்புறம் எழுத்தை எண்ண வேண்டும். தமிழில் எண்ணுவது லேசில்லை. 'கொ' ஒரே எழுத்துதான், ஆனால் மூன்று எழுத்தின் இடத்தை அடைத்துக்கொள்ளும். ழ-வின் கால் கோட்டுக்குக் கீழே இறங்கும். மேலே புள்ளி, விசிறி. முன்னால் கொம்பு. இடம் போதவில்லையென்று கடைசி எழுத்தை நசுக்கி வைப்பவன் தொழில் தெரியாதவன் என்பது மாமாவின் கட்சி. 1978-இல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்றபோது பழைய 'லை', 'னை' எல்லாம் போனதே, அது அவர் கடைக்கு வருவதற்கு முந்தின கதை. ஆனாலும் அவருடைய உஸ்தாது சாகும்வரை சுவரில் யானைத் தும்பிக்கை போட்ட 'லை'யைத்தான் எழுதினாராம். கொள்கைக்காக இல்லை, வளைவு அழகாக இருக்கிறது என்பதற்காக. ஈரோட்டுக்காரர் 1935-லேயே குடி அரசில் அச்சடித்துக் காட்டிய எழுத்தை, பக்கத்து ஊர்ச் சுவர் ஏற்றுக்கொள்ள இத்தனை வருசம்.

ஓவியர் ஆதிமூலம் எழுதிய தலைப்பெழுத்துகளைச் சிறுபத்திரிகைக்காரர்கள் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். அவர் எழுத்துக்கு அவர் பேர் உண்டு. மாமாவின் எழுத்துக்குக் கீழே மூலையில் இருப்பது ஆர்ட்ஸ் கடைக்காரர் பேரும் கடை போன் நம்பரும். பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. அந்த மூலையும் போனது.

எழுதினவன் பேர் எப்போதுமே இப்படிக் காணாமல் போனதா? நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. 1985 முதல் பல தடவை தோண்டினார்கள். தமிழ் பிராமியில் பேர் கீறிய பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. பெரும்பாலும் சுட்ட பிறகு கீறியவை. அதாவது சட்டி பானை வைத்திருந்தவர்களே ஆதன் என்றெல்லாம் தங்கள் பேரைக் கோணல்மாணலாகக் கீறியிருக்கிறார்கள். அந்த எழுத்தில் அழகு கிடையாது. சொந்தம் இருக்கிறது.

அதே கொங்கில் இன்னொரு கல்வெட்டு. கரூர் பசுபதீசுவரர் கோயிலில் உள்ளது. வெங்கால நாட்டுக் கம்மாளருக்குக் கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு அரசன் கொடுத்த உரிமைகள்: நன்மை தீமைக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது செருப்புப் போடலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம். கல்லில் வெட்டுவது கம்மாளர் தொழில். ஆகவே தன் உரிமையைத் தானே உளியால் வெட்டிய கை அது என்று நினைக்கத் தோன்றுகிறது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் தானத்தை வெட்டிய கைக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் தோழர்களே, அந்தச் செருப்பைத் தைத்தது யார்? தோலைப் பதப்படுத்தி, கவலை இறைக்கப் பறி தைத்து, கொங்குக் காட்டுக்கெல்லாம் தண்ணீர் ஏற வழி செய்தவர்களுக்குச் 'செருப்புப் போடலாம்' என்று ஒரு வரியும் அந்தக் கல்லில் இல்லை. உளி அவர்கள் கையில் இல்லை என்பதைத் தவிர வேறென்ன காரணம் சொல்ல?

மாமா கையில் பிரஷ் இருந்தது. அதை வைத்து என்ன எழுதினார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கோயில் சுவரில் 'உபயம்' எழுதியிருக்கிறார், உள்ளே போகாமல். ஒரு சாதிச் சங்கத்து மாநாட்டுக்கு மூன்று நாள் ஊர் ஊராகச் சுவர் எழுதினார். 'ஆண்ட பரம்பரை' என்ற வார்த்தைக்கு மஞ்சளில் எழுதிச் சிவப்பில் நிழல் போட்டதாக அவரே சொன்னார். கோபமாகத்தான் கேட்டேன்.

'எழுதறப்ப நான் படிக்கறதில்ல மாப்ளே. எழுத்தத்தான் பாப்பேன். ஆ-வுக்குச் சுழி சரியா வந்துச்சா, அவ்வளவுதான்' என்றார்.

இந்தப் பதில் என்னை ரொம்ப நாள் விடவில்லை. இது ஒரு கலைஞனின் பதில்தான், மறுக்கவில்லை. ஆனால் சாதி நமக்குக் கற்றுக்கொடுத்ததும் இதுதானே? வேலையைச் செய், அர்த்தத்தைக் கேட்காதே. பிணத்துக்கு முன்னால் அடி, யார் பிணமென்று கேட்காதே. பறையடிப்பதை விட்டொழிப்பதா, நம் கலையென்று தூக்கிப்பிடிப்பதா என்று தொண்ணூறுகளில் நம் பத்திரிகைகளில் எவ்வளவு சண்டை! எழுத்து வேலையை அதோடு அப்படியே ஒப்பிட முடியாது. பறையை நம்மேல் சுமத்தினார்கள். பிரஷை மாமா தானாகத் தேடிப்போய் எடுத்தார். தேடி எடுத்ததனால் கொஞ்சம் கூடுதலாகப் பதில் சொல்ல வேண்டியவர் என்றே நினைக்கிறேன். 'பொழப்பு' என்ற ஒரே சொல்லில் இதை முடித்துவிட முடியாது. பொழப்பைப் பணயம் வைத்து அவரே ஒருமுறை மறுத்திருக்கிறார்.

ஒரு ஊரில் அம்புக்குறி போட்டு 'அரிசன காலனி' என்று கைகாட்டிப் பலகை எழுதச் சொன்னார்கள். 'அம்பேத்கர் நகர்னு எழுதறேன், கூலி வேண்டாம்' என்றாராம். பிரஷைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு ஆளை வைத்து எழுதிக்கொண்டார்கள். அப்புறம் ஒரு வருசம் அந்தப் பக்கத்து வேலை ஒன்றும் வரவில்லை. 'அவிய சொல்லி வெச்சுட்டாங்க' என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு மட்டும் எப்படி மாமா படிச்சீங்க என்று கேட்டேன். சிரித்தார். 'அது நம்ம பேரல்லோ.'

2025 ஏப்ரல் 29-இல் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதல்வர் ஸ்டாலின் சட்டசபையில் அறிவித்தார். அக்டோபரில் தெரு, ஊர்ப் பேர்களில் சாதியை எடுக்க அரசாணை வந்தது. அதே அக்டோபர் 9-இல் அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. மேம்பாலம் திறந்தார்கள். பேர், ஜி.டி. நாயுடு மேம்பாலம். விஞ்ஞானியின் பேரா, சாதியின் பேரா என்று ஊரே விவாதித்தது. மாமாவைக் கேட்டால், 'நாயுடுவ எடுத்துட்டா ஜி.டி.ங்கறது பஸ்ஸு நம்பர் மாதிரி இருக்கும்' என்கிறார். சாதியில்லாமல் ஒருவரைக் கூப்பிடவே முடியாதபடி நூறு வருசமாகப் பழக்கி வைத்திருக்கிறோம் என்பதை இதைவிட நறுக்கென்று யாரும் சொல்லிவிடவில்லை.

இப்போது அழிக்க ஆள் தேடுகிறார்கள். பழைய பலகையில் 'காலனி'யின் மேல் பெயின்ட் அடிக்க மாமாவைக் கூப்பிட்டார்களாம். போனார். 'கூலி கேட்டு வாங்கிட்டேன். எழுதறதுக்கு வேண்டாம்னு சொன்னேன், அழிக்கறதுக்கு எதுக்குச் சும்மா?' என்றார். வாங்கியது சரி என்பேன். இழிவை எழுதினவனுக்கு ஒரு நாள் கூலி கிடைத்தது. அதை அழிப்பதை மட்டும் நாம் சமூக சேவையாகச் செய்ய வேண்டுமா?

ஆனால் எழுத்தில்லாத இடங்களும் இருக்கின்றன. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 விடியற்காலை மழையில் இருபது அடி உயரச் சுற்றுச்சுவர் சரிந்து நம் மக்கள் 17 பேர் தூங்கின இடத்திலேயே செத்தார்களே, தீண்டாமைச் சுவர் என்று நாம் சொன்ன அந்தச் சுவரில் 'இதற்கு மேல் வராதே' என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் படிக்கத் தெரிந்திருந்தது. அதற்கு இரண்டு வருசம் முன்னால், 2017 நவம்பரில், அவிநாசி ரோட்டில் விழாவுக்குக் கட்டிய அலங்கார வளைவு ஒரு இளைஞரின் சாவுக்குக் காரணமென்று ஊர் கொதித்தபோது, அவரைக் கொன்றது யார் என்று ஆங்கிலத்தில் பெரிய பெரிய எழுத்தில் யாரோ தார் ரோட்டிலேயே எழுதினார்கள். யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை, கூலியும் இல்லை. சீக்கிரமே அழித்தார்கள். அந்த எழுத்து கோணலா நேரா என்று மாமா விசாரிக்கவில்லை. 'ராத்திரில, வண்டி போற ரோட்டுல, நூலே அடிக்காம எழுதிருக்கானுங்க' என்று வியந்தார்.

இப்போது அவருக்குக் கடை வேலை குறைவு. மாதத்துக்கு நாலைந்து வண்டி நம்பர், ஒரு பள்ளிக்கூடச் சுவர். மிச்ச நேரத்தில் எங்கள் தெருவில் வீட்டுக் கதவுகளில் பேர் எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த வீட்டில் மூத்தது யாரோ அவர் பேர், நீலத்தில், 'திரு' அல்லது 'திருமதி' சேர்த்து. சின்னப் பையன்கள் வாயால் 'டேய்', 'ஏ புள்ள' என்று காலமெல்லாம் கேட்டவர்களுக்கு இந்தத் 'திரு' கூச்சமாக இருக்கிறது. ஒரு கிழவர் அதை மட்டும் அழிக்கச் சொன்னார். மாமா அழிக்கவில்லை. சண்டை இன்னும் தீரவில்லை.

போன வாரம் எனக்குப் போன் வந்தது. ஒரு பாட்டி, இனிஷியல் புருசன் பேரில் வேண்டாம், அம்மா பேரில் வேண்டும் என்று பிடிவாதம். அம்மா பேர் ர-வில் தொடங்குகிறது. 'மாப்ளே, நீ தமிழ் படிச்சவன். ரா-ன்னு போடறதா, இரா-ன்னு போடறதா?'

சொல்லுக்கு முதலில் ரகரம் வராது, இலக்கணப்படி இரா என்றேன்.

'அந்தம்மா ரா-ன்னுதான் சொல்லுது.'

அப்ப ரா-ன்னே போடுங்க மாமா என்றேன்.