போயிட்டு வாறம்

‘போறன்’ என்று சொல்லி ஒரு தமிழ் வீட்டின் வாசற்படியை யாரும் இறங்குவதில்லை. வாய்தவறிச் சொல்லிவிட்டால், ‘போயிட்டு வாறன் எண்டு சொல்லு’ என்று உள்ளிருந்து ஒரு குரல் திருத்தும். போவதைச் சொல்லும் வாயாலேயே திரும்பி வருவதையும் சொல்லிவிட வேண்டும் என்பது நம் மொழியின் வழக்கம். அடுத்த தெருவுக்குப் போகிறவருக்கும் அதுதான், அரபு நாட்டுக்கு வேலைக்குப் போகிறவருக்கும் அதுதான்.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளுக்குச் சேவை செய்யவென்று பத்து நாள், இரண்டு வாரம் குழுவாக வருகிறவர்களும் இதைக் கற்றுக்கொள்கிறார்கள். கடைசி முழு நாளன்று சொல்கிறார்கள். அந்த நாளின் ஒழுங்கு எந்த நாட்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். காலையில் விளையாட்டு, பிறகு பாட்டு, புத்தகப் பையும் வர்ணப் பென்சிலும் கொடுப்பது, பகலுணவு, எல்லாரையும் நிறுத்திப் படம் எடுப்பது, பின்னேரம் கட்டிப்பிடித்து அழுவது. விடிந்தால் வான் வந்து நிற்கும். ‘எப்ப வருவீங்க?’ என்று ஒரு பிள்ளை கேட்கும். ‘கெதியா வருவம்’ என்று பதில் வரும்.

அந்தப் பதிலைச் சொல்லலாமா? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். பயணம் யாருக்காக நடந்தது என்பது அந்தப் பதிலில்தான் தெரியவரும்.

அந்தப் பதிலை எடைபோட ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். இலங்கையின் மன்னார்த் தீவில், மன்னார் நகரிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் வழியில் உள்ள முஸ்லிம் கிராமம் தாராபுரம். பிரிவு என்றால் என்னவென்று இந்த ஊருக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 அக்டோபர் இறுதியில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மொத்தம் ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவு முஸ்லிம்கள் கையில் கொண்டுபோக முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு படகேறிக் கற்பிட்டிப் பக்கம் கரையிறங்கினார்கள். யுத்தம் முடிந்து, ஊர் திரும்பலாம் என்ற நிலை வர 2009 ஆயிற்று. பலர் அதற்குள் புத்தளத்தில் வேரூன்றிவிட்டார்கள். பலர் கபுறடியில் இருந்தார்கள். இன்று தாராபுரத்தில் பத்து வயதாகும் ஒரு பிள்ளையின் வாப்பா புத்தளத்து முகாமொன்றில் பிறந்தவராக இருக்கக்கூடும். அவருடைய பிள்ளையிடம் ‘திரும்பி வருவோம்’ என்று சொல்கிறவர், அந்தச் சொல்லை அந்தக் குடும்பம் எத்தனை வருடம் சுமந்தது என்பதை அறிந்து சொல்ல வேண்டும்.

சேவைப் பயணங்கள் எல்லாமே வீண் என்று சொல்வது அநியாயம். தூரத்து எழுத்துத் தெரியாத பிள்ளைக்குக் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி கொடுத்தால் அந்த வேலை ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. கொடுத்தவர் விமானம் ஏறிய பிறகும் கண்ணாடி பிள்ளையின் மூக்கில் இருக்கும். பிளந்த உதட்டைத் தைக்கும் அறுவை மருத்துவர், சொத்தைப் பல்லைப் பிடுங்கும் பல் மருத்துவர், பாடசாலைக் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கும் இளைஞர்கள் எல்லாரும் முடிக்கக்கூடிய வேலையைத் தொட்டு முடித்துவிட்டுப் போகிறார்கள். அவர்களைப் பற்றி யாருக்கும் மனக்குறை இருக்க நியாயமில்லை.

பாசம் அப்படி முடிகிற வேலை அல்ல. பத்து நாளில் முடியாத ஒன்றைப் பத்து நாளுக்கென்று தொடங்குவதுதான் இங்கே அறத்தின் முடிச்சு. குழுவினரின் அன்பு பொய்யானதாக இருந்தால் இதைப் பற்றி இவ்வளவு யோசிக்கத் தேவையே இல்லை. அது பெரும்பாலும் உண்மையானது. அழுகிறவர்கள் மனதார அழுகிறார்கள். ஆனால் அழுதவர் நாளை இரவு தன் வீட்டில் தன் ஆட்களோடு இருப்பார்.

எல்லாப் பிள்ளைகளையும் ஒரே தராசில் வைக்கவும் கூடாது. உம்மாவும் வாப்பாவும் மூத்தம்மாவும் உள்ள கிராமத்துப் பிள்ளை வந்தவர்களுக்காக ஒரு பொழுது கலங்கும். இரண்டு நாளில் பட்டம் விடப் போய்விடும். அதன் நெஞ்சில் அன்புக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. சிறுவர் இல்லத்தில் வளரும் பிள்ளையின் கதை வேறு. 1952-இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற பிரித்தானியர், மருத்துவமனையில் தாயைப் பிரிந்திருந்த இரண்டு வயதுக் குழந்தையைப் படமாக எடுத்துக் காட்டினார். குழந்தை அழாமல் இருந்தால் பழகிவிட்டது என்று நினைத்திருந்தவர்கள், அந்த மௌனம் எப்படிப்பட்டது என்பதை அதில் கண்டார்கள். 1989-க்குப் பிறகு ருமேனியாவின் இல்லங்களுக்குள் போன ஆய்வாளர்கள் இன்னொன்றையும் பார்த்தார்கள். முன்பின் தெரியாத எவரிடமும் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். விருந்தாளிக்கு அது பாசமாகத் தெரியும். ஒருவரும் தனக்கென்று நிலையாக இல்லாத பிள்ளையின் காயம் அது. ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும் பிள்ளையைப் படம்பிடித்து, ‘இவர்கள் எங்களை எவ்வளவு நேசித்தார்கள்’ என்று எழுதுகிறவர், அந்தக் காயத்தைத்தான் தனக்குக் கிடைத்த பரிசாக எடுத்துக்கொண்டு போகிறார்.

உலகம் இதை மெல்லத்தான் ஒப்புக்கொண்டது. கம்போடியாவிலும் நேபாளத்திலும் பார்க்க வருகிறவர்களுக்காகவே இல்லங்கள் பெருகின; பெற்றோர் உயிரோடிருக்கும் பிள்ளைகள் அங்கே அநாதைகளாகக் காட்டப்பட்டார்கள். 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை சிறுவர் உரிமை பற்றிய தன் தீர்மானத்தில், இல்லங்களில் தொண்டர்களாக வந்துபோவதாலும் அதையொட்டிய சுற்றுலாவாலும் வரும் தீங்கைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

இதை வெள்ளைக்காரரின் குற்றமாக மட்டும் வாசித்துவிட்டுப் போகக் கூடாது. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் மதுரையிலும் பிறந்த நாளுக்கும் நினைவு நாளுக்கும் இல்லத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் வழக்கம் நம்மிடம் வேரோடியிருக்கிறது. நல்ல மனதோடுதான் செய்கிறோம். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, இலையில் சோறு ஆற ஆற, முகம் தெரியாத ஒருவரின் பெயரைச் சொல்லிப் பாடுகிறார்கள், பிரார்த்திக்கிறார்கள். பிறகு படம். இந்தியாவின் 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையை அடையாளம் காட்டும் படத்தை ஊடகத்தில் வெளியிடுவதைத் தடைசெய்கிறது. அந்தச் சட்டத்தை அறிந்தவர் குறைவு. அறியாவிட்டாலும், தன் பிள்ளையைப் பசியோடு உட்காரவைத்து ஒரு அந்நியர் படமெடுப்பதை எந்தத் தகப்பன் பொறுப்பான் என்று ஒரு கணம் யோசித்தால் போதும்.

தாராபுரத்து மக்களுக்கும் அயலூரான தோட்டவெளியின் கத்தோலிக்கருக்கும் இந்த விஷயத்தில் வேதம் வேறு, போதனை ஒன்று. வலது கை கொடுப்பதை இடது கை அறியக் கூடாது என்று மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு சொல்கிறார். வலக்கரம் கொடுப்பதை இடக்கரம் அறியாதபடி தர்மம் செய்தவருக்கு மறுமையில் நிழல் உண்டு என்று நபிமொழி சொல்கிறது. கடைசி நாள் மேடையில் பையைக் கொடுக்கும் கையும் வாங்கும் கையும் படத்துக்காக அசையாமல் நிற்பதை இந்த இரண்டில் எதைக் காட்டி நியாயப்படுத்துவது?

தோட்டவெளியைச் சொன்னதும் 1544-ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. தமிழகக் கரையின் முத்துக்குளித்துறையில் பிள்ளைகளைச் சுற்றிவைத்துக்கொண்டு ஜெபம் கற்பித்துவந்த பிரான்சிஸ் சவேரியாரை மன்னார் மக்கள் அழைத்தார்கள். அவரால் வர முடியவில்லை. ஒரு குருவை அனுப்பினார். மன்னாரில் பலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலி அறிந்து படையோடு வந்தான். கொல்லப்பட்டவர்கள் சுமார் 600 பேர் என்பது கத்தோலிக்க மரபு. அவர்கள் நினைவாகத் தோட்டவெளியில் வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயம் நிற்கிறது. சவேரியார் இதை மறந்துவிட்டுப் போனவர் அல்லர். சங்கிலிமீது படையெடுக்கும்படி போர்த்துக்கேயரை வற்புறுத்தினார். 1545-இல் நாகப்பட்டினத்தில் அதற்கு ஆயத்தமும் நடந்தது. பெகுவிலிருந்து சரக்கேற்றி வந்த ஒரு போர்த்துக்கேயக் கப்பல் யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டியது. சரக்கு மன்னன் கையில் சிக்கியது. அதை மீட்பது முக்கியமாகிவிடவே படையெடுப்புக் கைவிடப்பட்டது. சவேரியார் மயிலாப்பூர் போய், அங்கிருந்து மலாக்காவுக்குக் கப்பலேறினார்.

அந்தப் படையெடுப்பு நடந்திருக்க வேண்டும் என்பதல்ல இங்கே சொல்ல வருவது. விலை யார் கொடுத்தார் என்பதுதான் பார்க்க வேண்டியது. செய்தியைக் கொண்டுவந்தவர்களுக்கு ஏற ஒரு கப்பல் இருந்தது. ஏற்றுக்கொண்டவர்களுக்கு இந்த மணல்தான் இருந்தது. முஸ்லிம் ஊரொன்றில் பையோடு பாட்டையும் பாட்டோடு வேதத்தையும் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் போகிற எந்தக் குழுவும் இதை நினைக்க வேண்டும். பெரியவரோடு மதம் பேசுவது ஒன்று. அவருக்கு மறுத்துப் பேச வாய் இருக்கிறது. பென்சிலுக்காகக் கை நீட்டும் பிள்ளைக்கு அது இல்லை. குழு போன பின் பள்ளிவாசலிலும் வீட்டிலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியதும் அந்தப் பிள்ளைதான். இதில் இரண்டு பக்க நியாயம் தேட இந்தக் கட்டுரைக்கு மனமில்லை. அது தவறு.

நின்றவர்களும் இந்த மண்ணில் இருந்தார்கள். அமெரிக்கரான சாமுவேல் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் சொல்லிக்கொடுத்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போவதைக் கண்டார். ஊரிலேயே இருந்து ஊராரைப் பார்க்கும் வைத்தியர் வேண்டுமென்றால் தமிழில் கற்பிக்க வேண்டும் என்று முடிவுசெய்து, உடற்கூற்றையும் இரண வைத்தியத்தையும் தமிழில் கொண்டுவர உழைத்தார். 1873-இல் அவர் இறுதியாகக் கப்பலேறியபோது, அவரிடம் படித்த 60-க்கும் மேற்பட்ட வைத்தியர்கள் அவருக்குப் பின் இருந்தார்கள். அவருக்கும் ஒரு கடைசி நாள் இருந்தது. தான் இல்லாவிட்டாலும் நடக்கும்படி வேலையை மாற்றிவைக்க அவருக்குக் கால் நூற்றாண்டு தேவைப்பட்டது.

எருக்கலம்பிட்டியில் பிறந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்பித்த பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ்வின் சேவையில் பாட்டும் பையும் இல்லை. வெளியேற்றப்பட்ட மக்கள் இழந்ததைக் கணக்கெடுத்தார், எழுதினார், அவர்கள் திரும்பும் உரிமைக்காக வாதாடினார். 2018-இல் இறக்கும்வரை அதைக் கைவிடவில்லை. பிள்ளைகளுக்குச் செய்த சேவை என்று அதை யாரும் சொல்வதில்லை. தன் வாப்பாவின் வளவு எங்கே இருந்தது என்று ஒரு பிள்ளைக்குத் தெரியவருவதைவிடப் பெரிய சேவை எது?

‘வந்தவர்களின் மனம் மாறுகிறதே, ஊர் திரும்பி ஆயுள் முழுக்கக் கொடுக்கிறார்களே’ என்று பயணங்களின் சார்பில் ஒரு வாதம் உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. பத்தொன்பது வயதில் ஒரு வறிய ஊரைப் பார்த்தவர் பிறகு மருத்துவராகி, ஆசிரியராகி வாழ்க்கையை வேறு பக்கம் திருப்பிக்கொண்ட கதைகள் நிறைய. ஆனால் அது வந்தவர் பெற்ற கல்வி. கல்விக்குக் கட்டணம் உண்டு. தாராபுரத்துப் பிள்ளை தன் பாசத்தால் அந்தக் கட்டணத்தைக் கட்டியிருக்கிறது என்றால், கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்பதையாவது சரியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் கடைசி முழு நாளை எப்படிக் கழிப்பது? முதலாவது, அந்த நாளின் நடுவில் வந்தவர்கள் நிற்கக் கூடாது. பைகள் வந்திருந்தால் அவற்றை வகுப்பாசிரியர் கொடுக்கட்டும். நாளைக்கும் பிள்ளைகள் முன் நிற்கப்போகிறவர் அவர்தான். மருந்துப் பெட்டி குடும்பநல உத்தியோகத்தர் கைக்குப் போகட்டும். எந்தப் பிள்ளைக்கு எந்தக் கண்ணாடி, எந்தப் பிள்ளையின் காதில் சீழ் என்ற பட்டியல் பாடசாலையில் இருக்கட்டும். பிள்ளைக்குத் தாயைவிட, ஆசிரியரைவிட, மௌலவியைவிட வெளியாள் பெரியவராகத் தெரியும்படி ஒரு நாளை ஒழுங்குசெய்வது, அது எவ்வளவு கண்ணீரோடு முடிந்தாலும், அந்தப் பிள்ளைக்கு ஏற்படுத்தும் இழப்பு.

கேள்விக்குப் பதில்? ‘எப்ப வருவீங்க?’ என்று கேட்கும் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லலாம். ‘தெரியாது. வர ஏலாமலும் போகலாம்.’ பிள்ளைகள் உண்மையைத் தாங்குவார்கள்; காத்திருப்பதுதான் கடினம். நாளை ஒன்றைச் செய்வேன் என்று சொல்லும்போது இறைவன் நாடினால் என்று சேர்க்காமல் சொல்லாதே என்று குர்ஆனின் கஹ்ஃபு அத்தியாயம் கட்டளையிடுகிறது. தாராபுரத்துப் பிள்ளைகள் ‘இன்ஷா அல்லாஹ்’ என்று சொல்லப் பழகியவர்கள். அதன் பொருளை விருந்தாளிதான் இந்தப் பிள்ளைகளிடம் கற்க வேண்டியிருக்கிறது.

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் எப்படிப் போகிறார் என்பதையும் இங்கேயே பார்க்கலாம். திரும்புவோமா என்பது தெரியாத பயணமாகவே அது நெடுங்காலம் இருந்தது. கடன் இருந்தால் அடைக்கிறார். வீட்டில் இருப்போரின் செலவுக்கு வைக்கிறார். பிறகு சொந்தக்காரர் வீடு, அயலார் வீடு, மனத்தாங்கல் உள்ளவர் வீடு என்று வாசல் வாசலாக ஏறி, ‘ஏதும் பிழை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்க’ என்று கேட்டு, ஸலாம் சொல்லிவிட்டு இறங்குகிறார்.