வீட்டுக்கு ஒரு கூடை

தாண்டிக்குடி மலையில் ஒரு சிறு காப்பித் தோட்டம். தாயும் மகனும் பார்த்துக்கொள்கிறார்கள். பறித்த பழத்தைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டியதும் கனமானவை அடியில் தங்கின. பூச்சி துளைத்ததும் பருப்புப் பிடிக்காததும் மிதந்தன. மிதந்ததை அந்த அம்மா அரித்தெடுத்து ஒரு கூடையில் போட்டார். "இது வீட்டுக்குப்பா" என்றார்.

அந்தக் கூடைதான் மனசை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

அடியில் தங்கிய பழத்துக்கு நடக்கும் உபசாரமே தனி. வலை கட்டிய மேடையில் பரப்பி, நாளெல்லாம் கிளறிவிட்டு, ஈரம் 11 சதவீதத்துக்கு இறங்கும்வரை காத்திருக்கிறார்கள். ருசி பார்ப்பவர்கள் 100-க்கு 80 மதிப்பெண்ணாவது கொடுத்தால்தான் 'ஸ்பெஷாலிட்டி' என்ற பெயர். மகனும் ருசி பார்ப்பார்: கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, துப்பிவிடுவார். குடிப்பதற்கென்று வீட்டில் இருப்பது அந்தக் கூடைக் காப்பிதான்.

சிறுவயதில் எங்கள் வீட்டில் மாடு இருந்தது. கறந்த பால் சொசைட்டிக்குப் போகும். எங்களுக்குக் கருப்பட்டி போட்ட கடுங்காப்பி. அம்மா அதைக் குறையாகச் சொல்லிக் கேட்டதில்லை. "உங்க வீட்டுப் பால் நல்ல கெட்டி" என்று சொசைட்டியில் சொல்லிவிட்டால், அன்றெல்லாம் அவள் நடையே வேறு.

ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' படித்து வெகுகாலம் ஆகிறது. நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகக் காப்பி மாறிய கதை மங்கலாக நினைவிருக்கிறது. மலையில் பழம் பறித்தவர்கள் என்ன குடித்தார்கள் என்று அதில் இருந்ததா? நினைவில் இல்லை.

விளைவித்தவருக்கு விளைச்சலில் நல்லது வேண்டாமா? கேட்பது சுலபம். ஏப்ரலுக்குள் செடியைப் பூக்கவைக்கும் மழை தவறினால் காய்ப்புப் போச்சு. தண்டுத் துளைப்பான் ஏறினால் செடியே போச்சு. இப்படியொரு பிழைப்பில், விலைபோகும் கொட்டையை வறுத்துக் குடிக்க யாருக்கு மனசு வரும்? ஆனால் எங்கோ ஒருவர் குடித்துவிட்டு "ஆரஞ்சு வாசம் வருது" என்று எழுதியதை மகன் படித்துக் காட்டியபோது, அந்த அம்மா முகம் மலர்ந்ததையும் பார்த்தேன்.

நாளைக்கே விலை இரண்டு மடங்கானாலும் மிதப்பதை அவர் வீட்டுக்கு எடுத்துவைப்பாரா? வைப்பாரென்றால், எதையும் வீணாக்காத சுபாவம் அது. நான் வருந்த ஒன்றுமில்லை. மாட்டாரென்றால், நாம் கொண்டாடும் ருசிக்கு அவர் நாக்கு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை. என் அம்மாவைப் பற்றியே இன்னும் தெரியவில்லை.