முகம் காணாத தர்மம்

ஈகையில் இருவகை உண்டு. பெறுபவனின் முகத்தைக் கொடுப்பவன் காண்பது ஒன்று, காணாதது மற்றொன்று. திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் பெருங்கூட்டம் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி நடக்கிறது. வழிநெடுக அன்னமிடுவோர் நிற்கின்றனர். பசித்தவன் உண்டு முகம் மலர, இட்டவன் உள்ளம் குளிர்கிறது. அவ்வழியில் மக்கள் பருகும் நீர்த்தொட்டியில் அளவறிந்து குளோரின் கலந்தவனை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவனால் வாந்திபேதியினின்று தப்பியவர் யாரென்று அவனும் அறியான், தப்பியவரும் அறியார்.

இருவருள் உயர்ந்தவர் யாரென்று தரம் பிரிப்பது நம் நோக்கமன்று. முன்னதற்கு விரைந்து நீளும் நம் கை பின்னதற்கு ஏன் தயங்குகிறது என்பதே கேள்வி.

திருவண்ணாமலைக்குத் தென்மேற்கே, தருமபுரி மாவட்டத்து மலைகளிடையே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் அவர்தம் துணைவியார் டாக்டர் லலிதாவும் பழங்குடி மக்களுக்காக ஓர் ஓலைக் குடிசையில் மருத்துவப் பணியைத் தொடங்கினர். அந்நாளில் அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. நோயாளி வரட்டுமென்று மருத்துவர்கள் காத்திருக்கவில்லை. ஊர்ப் பெண்களையே பயிற்றுவித்தனர். அப்பெண்கள் குடிசை குடிசையாகச் சென்று கருவுற்ற தாய்மாரைக் கவனித்தனர். சத்துணவும் சுத்தமும் எடுத்துரைத்தனர். காலப்போக்கில் அந்த 147 என்னும் எண் 20 அளவுக்குத் தாழ்ந்தது. ஆயிரத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் பிழைத்தன. ஆயினும் இன்ன குழந்தைதான் பிழைத்தது என்று எவராலும் சுட்ட இயலாது. நோய் தடுப்பவனின் வெற்றி இத்தன்மையது. நன்றி சொல்ல அவனிடம் ஒருவரும் வருவதில்லை.

"நோயும் சாவும் விதிப்படி அல்லவா? தடுக்க நாம் யார்?" என்று சிலர் வினவுவர். சிரியாவில் கொள்ளைநோய் பரவியதைக் கேட்டுக் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்பத் துணிந்தார்கள். இறைவிதியினின்று ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்னும் கருத்துப்பட உமர் (ரலி) அவர்கள் விடையிறுத்தார்கள். நோய் விதியென்றால், அதைத் தடுக்கும் அறிவும் விதியே.

இன்னொன்றும் உண்டு. இதைத் தர்மம் என்றுகூடச் சொல்லிவிட முடியாது, இது கடமை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயாவாக எண்ணுகிறார்கள். ஊரில் சிலர் செய்தால் அனைவர் பொறுப்பும் நீங்கும். ஒருவரும் செய்யாவிடில் அனைவரும் குற்றவாளிகள். முஸ்லிம் மருத்துவரில்லாத ஊர்கள் இருக்க, கற்றோர் ஃபிக்ஹு விவாதங்களில் முண்டியடிப்பதையும், அதன்பின் பதவி நாட்டம் ஒளிந்திருப்பதையும் அவர்கள் அங்கேயே கடிந்துரைக்கிறார்கள். ஓதிக் கொடுக்கும் நம் போன்றோர் அவ்வரிகளை விரைந்து கடந்துவிடலாகாது.

ஆதலின் ஒவ்வோர் இல்லத்தாரும் எண்ணிப் பார்க்க வேண்டும். செவிலியர் பணியை விரும்பும் மகளை நாம் தடுக்கிறோமா, வாழ்த்துகிறோமா? நம் ஸதகாவில் ஒரு பங்கு, மருத்துவர் எட்டிப் பாராத சேரிக்கும் மலையூருக்கும் போகிறதா? வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருத்தல் சிறப்பென்று கற்றிருக்கிறோம். யாரைக் காத்தோம் என்பதைக் கொடுத்தவனே அறியாத ஈகையில் பெருமைக்கு இடமேது? இக்லாஸை அதனினும் தெளிவாகச் சோதிக்கும் உரைகல் அரிது.

காப்பாற்றப்பட்ட முகங்களை நாம் அறியோம். அவற்றைப் படைத்தவன் அறிவான், அது போதும்.