மருந்தும் உடன்பாடும்

நோய்வாய்ப்பட்டான் ஒருவன் தன் வலியிழந்து பிறர் கையை நோக்கிக் கிடக்கின்றான். அவ்வேளையில் மருந்து கொடுப்பவன் வேற்று மதத்தினனாயின், அவன் நோயாளியின் மனத்தை எவ்வளவிற்குத் தொடலாம்? நோயாளிதானும் தன் சமயவொழுக்கத்தின்பொருட்டு மருந்தை எவ்வளவிற்கு மறுக்கலாம்? இவ்வினாக்கள் யாழ்ப்பாணத்தார்க்குப் புதியனவல்ல. மாணாக்கர் வினவும்போது ஆசிரியர் விடையிறுக்க வேண்டுதலின், அவற்றை ஈண்டு ஆராய்வாம்.

ஆறுமுகநாவலரவர்கள் பிறந்த 1822ஆம் ஆண்டிலேயே அமெரிக்க தேசத்தில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவர் பிறந்தார். அவர் 1847இல் மிசன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலிருந்து வைத்தியம் புரிந்தும் கற்பித்தும் வந்தார். அவரிடம் பயின்றோர் 60க்கு மேற்பட்டவர். 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார்; உடற்கூறு, இரணவைத்தியம், பிரசவவைத்தியம் முதலிய துறைநூல்களைத் தமிழிற் பெயர்த்தும் பெயர்ப்பித்தும் அச்சேற்றினார். தம் மதத்தைப் பரப்புதலும் தம் வரவின் நோக்கமென்பதை மறைத்தாரல்லர். ஆகவே ஒருவர்பாலே இரண்டு செயல்களைக் காண்கின்றோம்: ஒன்று, நோயாளியின் சமயத்தை மாற்ற விழைந்தது, மற்றொன்று, நோயாளியின் மொழிக்குத் தாம் மாறியது.

முதலாவதனை நாம் உடன்படேம். மருந்துக்கு விலையாக அவர் மதத்தைக் கேட்டாரென்று கூறுகின்றிலேம். கேளாதொழியினும், உயிருக்கு அஞ்சிக் கிடப்பவன் தன் முன்னே பேசப்படும் மதத்தை நடுநின்று ஆராயவல்லனல்லன். மறுத்தால் மருந்து குறையுமோ என்னும் அச்சம் அவனுள்ளத்தில் எழுதல் இயல்பே. அச்சத்தாற் சொன்ன ‘ஆம்’ உடன்பாடாகாது.

‘உங்கள் அப்பமூர்த்திகளும் சூலைநோயாலன்றோ சமயம் மாறினார்?’ என்று ஒருவர் வினவலாம். வினாத் தக்கதே, அதனை ஒதுக்குதல் அறிவுடைமையன்று. மருணீக்கியார் சைவத்திற் பிறந்தவர். சமணத்துட் புக்கு அதன் நூல்களையுங் கற்றுத் தருமசேனரென்னும் பெயரோடு தலைமை பெற்றவர். நோயுற்றபோது தமக்கையார்க்கு ஆளனுப்பியவர் அவரே. தமக்கையார் அங்கு வாராராக, எழுந்து திருவதிகைக்குச் சென்றவரும் அவரே. திலகவதியார் நோய்ப்படுக்கையை நாடிச் சென்று சமயம் பேசினாரல்லர். இரு சமயமும் அறிந்தவர் தாமே நாடிச் செல்லுதல் வேறு. ஒன்றும் அறியாத ஏழை, கிடந்தவிடத்திலேயே ஒன்றனைக் கேட்க நேர்தல் வேறு. இவ்வேறுபாட்டை மறந்து, சைவர் ஒருவர் மருத்துவமனையிற் பிறமத நோயாளியிடம் திருநீற்றை வற்புறுத்துவாராயின், அவரும் அக்குற்றத்திற்கே ஆளாவர்.

இரண்டாவது செயலோ போற்றற்பாலது. உடன்பாட்டிற்கு முதல் அறிவு. அறிவிற்கு வாயில் மொழி. தன் உடம்பிற்கு யாது செய்யப்படுகின்றதென்று தன் மொழியிற் கேட்டறியாதவன் தலையசைத்தல் உடன்பாடன்று. திருக்குறளில் மருந்தென்னும் அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, மருத்துவனுக்கு முன்னே நோயாளியை வைத்தமையும் நினைத்தற்குரியது. ஜெர்மானியச் சிறைமுகாம்களில் மருத்துவர் செய்த கொடுஞ்சோதனைகளை விசாரித்த நூரம்பேர்க் நீதிமன்றம் 1947இல் வகுத்த விதிகளுள் முதலாவதும், சோதனைக்குட்படுவோன் தன்விருப்பாற் கொடுக்கும் உடன்பாடு இன்றியமையாதது என்பதே.

இக்காலத்தும் அவ்வினா வேறுருக்கொண்டு நிற்கின்றது. மருந்தடைக்கும் கப்சூல் உறைகளுட் பல, மாடு பன்றி முதலியவற்றின் தோல் எலும்புகளினின்றும் எடுக்கும் ஜெலற்றினாற் செய்யப்படுவன. தாவரப்பொருளாற் செய்யப்படுவனவும் உள. நீரிழிவுக்குரிய இன்சுலினும் 1922 முதல் நெடுங்காலம் அவ்விலங்குகளின் கணையத்தினின்றே எடுக்கப்பட்டது. நுண்ணுயிர்களைக்கொண்டு ஆக்கிய மனித இன்சுலின் 1982இலேயே வழக்கிற்கு வந்தது. புலால் மறுத்த சைவர்க்கு இத்தகைய மருந்தை மறைத்துக் கொடுத்தலே நலமென்பார் உளர். நாம் அங்ஙனங் கருதேம். உள்ளதைக் கூறி, வேறு மருந்து உளதேல் அதனைக் காட்டி, இலதேல் மறுப்பதனால் வருங் கேட்டையும் விளக்கி, முடிபை அவரிடமே விடுதல் முறை. வேறுவழியின்றி உயிர்காக்கும் மருந்தை உட்கொள்ளல், சுவைக்காக ஊனுண்டலோடு ஒருங்கு வைத்து எண்ணற்பாலதன்று என்பது நம் துணிபு. எனினும் அதனையும் அவர்மேற் சுமத்தோம். தம் விரதத்திற்குத் தம் உடம்பை ஈடுவைக்க ஒருவர்க்கு உரிமையுண்டு. தம் பிள்ளையின் உயிரை ஈடுவைக்க எவர்க்கும் உரிமையில்லை.

நம் வீடுகளில் நிகழும் ஒன்றும் இவ்விதியின்கீழ் வரும். முதியோர்க்கு உற்ற புற்றுநோயை அவர்க்கு மறைத்துப் பிள்ளைகளே யாவும் தீர்மானிக்கின்றனர். அன்பினாற் செய்யினும், அஃது அவர் உடன்பாட்டைப் பறித்தலேயாம். அறிய விரும்புகின்றாரோ என்று முதற்கண் அவரையே கேட்டல் வேண்டும்.

சைவாசிரியர்களே! கிறீனிடத்துக் குறைகண்டவிடத்துக் குறையையும், குணங்கண்டவிடத்துக் குணத்தையும் மாணாக்கர்க்கு ஒளியாது கூறுங்கள். நாளை வைத்தியராகும் பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கலாம். அப்பிள்ளையின் முன் வரும் நோயாளி சைவராயினும், கிறிஸ்தவராயினும், இஸ்லாமியராயினும், பௌத்தராயினும், அவர் மொழியில் நான்கு சொற் பேசவும், அவர் வணங்கும் பொருளை இகழாதிருக்கவும், அவர் ‘வேண்டா’ என்பதனைச் செவிமடுக்கவும் இன்றே பழக்குங்கள்.