அழுத்துவது யார்?

‘புரோகிராம் செய்யலாம்’ என்று அட்டைப் பெட்டியில் அச்சடித்து விற்கும், கணினி விளையாட்டுக்குக் கையில் பிடிக்கும் கேம்பேடைப் பற்றிக் கேட்டால், வாங்கியவர்கள் அருமை என்பார்கள். அவர்களிடம் தோற்றவர்கள் ஏமாற்று வேலை என்பார்கள். இரு தரப்பும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகிறதா என்பதே சந்தேகம். அந்தப் பெட்டிக்குள் மூன்று வேறு வேறு வசதிகள் இருக்கின்றன. ஒரு பட்டன் செய்யும் வேலையை இன்னொரு பட்டனுக்கு மாற்றிக்கொள்வது முதலாவது, ரீமேப் என்பார்கள். ஸ்டிக்கை எவ்வளவு தள்ளினால் திரையில் எவ்வளவு அசைய வேண்டும், டிரிக்கர் எந்த ஆழத்தில் வேலை செய்ய வேண்டும் என்று அவரவர் கைக்கு ஏற்ப அளவு வைத்துக்கொள்வது இரண்டாவது. மூன்றாவது மேக்ரோ. பத்துப் பன்னிரண்டு அழுத்தங்களை, அவற்றுக்கு நடுவிலுள்ள நொடிப்பொழுது இடைவெளிகளோடு சேர்த்துப் பதிந்து வைத்து, ஒரே தட்டில் ஓட விடலாம். ஒரு பட்டனைப் பிடித்தபடி இருந்தால் நொடிக்குப் பலமுறை தானே தட்டிக்கொள்ளும் டர்போ, இதன் தம்பி. முதல் இரண்டையும் யாரும் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம், மூன்றாவதைப் போட்டியில் தொடவே கூடாது, தனியாக ஆடும்போதும் யோசித்தே தொட வேண்டும் என்பது என் கட்சி.

இந்த வழக்கைத் தீர்க்க, தறிகள் நிறைந்த சேலத்துக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கருவிக்குள் கட்டளையை முன்கூட்டியே எழுதி வைக்கும் யோசனை இங்கே தறிமேல் ஏறி உட்கார்ந்து நெடுங்காலம் ஆகிறது. பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார் 1804-ல் அமைத்த பெட்டிதான் அது. துளை போட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே தொங்கவிடுவார்கள். துளை இருக்கும் இடத்துக்குரிய பாவு நூல் மேலே எழும். துளை இல்லாத இடத்து நூல் கீழேயே கிடக்கும். முந்தானையிலுள்ள அன்னமும் மாங்காயும் அந்த அட்டைக் கட்டுக்குள் இருக்கின்றன. பின்னால் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு இதே அட்டையைத்தான் நினைத்தார். ஆகவே கம்ப்யூட்டர் வம்சத்தில் தறிக்கு மூத்த இடம் உண்டு. சேலத்து நெசவுப் பகுதிகளான அம்மாப்பேட்டையிலும் குகையிலும் இளம்பிள்ளையிலும் ஜக்கார்டு பெட்டியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கும், 1960-ல் சேலத்தில் தொடங்கிய கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் அதைப் பாடமாகப் படித்தவர்களுக்கும் மேக்ரோ என்பது புதிய சங்கதியே கிடையாது.

ஆனால் கைத்தறியில் பூட்டிய ஜக்கார்டில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். நெசவாளர் மிதியை ஒருமுறை மிதித்தால் ஓர் அட்டை நகரும். நாடாவை அவர்தான் ஓட்ட வேண்டும், அச்சை இழுத்து அவர்தான் அடிக்க வேண்டும். அவர் நிறுத்தினால் அன்னம் பாதிக் கழுத்தோடு நிற்கும். எந்த நூலுக்குப் பின் எந்த நூல் என்ற வரிசை அட்டையில் இருக்கிறது. எப்போது என்பது அவர் காலில் இருக்கிறது. அதே தறியில் மோட்டாரை மாட்டினால் அந்த ‘எப்போது’ம் கையைவிட்டுப் போய்விடுகிறது. நம் நாட்டுச் சட்டமும் கோட்டை இங்கேதான் போட்டது. 1985-ம் ஆண்டின் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கியது. முதலில் 22 ரகங்கள், பிறகு 11. விசைத்தறித் தரப்பு வழக்குப் போட்டும் 1993-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. புட்டா வேலைப்பாடு எவ்வளவு சிக்கலானது, அட்டை எத்தனை என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. தறியை ஓட்டுவது மின்சாரமா, மனிதனா என்று மட்டும் கேட்டது. அட்டைக் கட்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும் கைத்தறி கைத்தறிதான்.

இந்த அளவுகோலைக் கேம்பேடின்மேல் வைத்துப் பாருங்கள். சாதாரணப் பேடில் வலது பெருவிரலுக்கு இரண்டு வேலை. ஸ்டிக்கைத் தள்ளிப் பார்வையைத் திருப்ப வேண்டும். பக்கத்திலுள்ள நான்கு பட்டன்களை அழுத்திக் குதிக்கவும் குனியவும் வேண்டும். குதிக்கும் நொடியில் விரல் ஸ்டிக்கை விட்டு எழுகிறது, குறி தவறுகிறது. 2015-ல் 150 டாலர் விலையில் வந்த எக்ஸ்பாக்ஸ் எலைட் கன்ட்ரோலர் பின்புறத்தில் துடுப்பு மாதிரி நான்கு பட்டன்களை வைத்தது. சும்மா கிடந்த நடுவிரலும் மோதிர விரலும் வேலைக்கு வந்தன. பெருவிரல் ஸ்டிக்கிலேயே இருந்தது. இன்று இந்திய பிராண்டுகளும் பின்பட்டன் வைத்த பேடுகளைச் சில ஆயிரம் ரூபாய்க்குள் தருகின்றன. இதில் ஆட்டக்காரர் செய்ய வேண்டிய எந்த வேலையையும் கருவி எடுத்துக்கொள்ளவில்லை. குதிக்க வேண்டுமென்றால் அவர்தான் அழுத்த வேண்டும், சரியான நொடியில் அழுத்த வேண்டும், பிசகினால் விழ வேண்டும். விரல் மாறியது, அவ்வளவுதான். ஸ்டிக், டிரிக்கர் அளவுகளும் அப்படியே. கார் பந்தயத்தில் டிரிக்கரைப் பாதி அழுத்தினால் பாதி வேகம் என்ற நயம் சாதாரணக் கீபோர்டில் கிடைக்காது. அங்கே ஒரு கீ அழுந்தியிருக்கும் அல்லது எழுந்திருக்கும். அந்த நயத்தைத் தன் விரலின் பலத்துக்கு ஏற்பச் சரிசெய்துகொள்வது செருப்பு அளவு பார்த்து வாங்குவது மாதிரி. அதில் யாருக்கும் அநியாயம் இல்லை.

மேக்ரோ வேறு ஜாதி. அதில் வரிசையோடு நேரமும் சேர்ந்து பதிவாகிறது, மோட்டார் மாட்டிய தறிபோல. போட்டி நடத்துகிறவர்களும் சுற்றி வளைத்து இந்த இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். கவுன்டர்-ஸ்டிரைக் ஆட்டத்தில் ஓடிக்கொண்டே சுட்டால் குறி சிதறும். இடப்பக்கம் ஓடுகிறவர் அந்தக் கீயை விட்ட கணமே வலப்பக்கக் கீயைத் தொட்டு உடம்பை நிறுத்திச் சுட வேண்டும். இந்த ஒரு தாளத்துக்காக வருடக்கணக்கில் பழகுகிறார்கள். 2024 ஜூலையில் ரேசர் நிறுவனம் தன் கீபோர்டில் ‘ஸ்நாப் டேப்’ என்ற வசதியைத் தந்தது. இரண்டாவது கீயைத் தொட்டாலே முதல் கீயின் கட்டளை தானே ரத்தாகும், விரல் அதை விட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. அடுத்த மாதமே அந்த ஆட்டத்தை நடத்தும் வால்வ் நிறுவனம், பல அசைவுகளைத் தானே செய்து தரும் ஹார்டுவேரும் ஸ்கிரிப்டும் தன் சர்வர்களில் செல்லாது என்று அறிவித்து, பிடிபட்டவர்களை ஆட்டத்திலிருந்து வெளியேற்றத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, துப்பாக்கியின் உதைப்பைத் தானே சமாளிக்கும்படி கன்ட்ரோலருக்கும் கணினிக்கும் நடுவில் செருகும் சாதனங்களைக் கால் ஆஃப் டியூட்டி நடத்தும் ஆக்டிவிஷன் கண்டுபிடித்துத் தடுக்கத் தொடங்கியது. இரண்டிலும் புகார் ஒன்றே: அந்த நொடியில் வேலை செய்தது விரல் இல்லை.

இதற்கு வரும் மறுப்புகளில் எளிதில் தள்ள முடியாதது ஒன்று உண்டு. பழகிய ஆட்டக்காரரின் விரலும் ஒரு மேக்ரோதானே என்கிறார்கள். ஒரு காம்போவை ஆயிரம் தடவை அடித்துப் பழகியவர் அதன்பின் யோசிப்பதில்லை. விரல் தானாக ஓடுகிறது. நரம்பில் எழுதி வைத்தால் திறமை, சிப்பில் எழுதி வைத்தால் திருட்டா? நியாயமான கேள்விதான். ஆனால் நரம்பில் எழுதியது பாதியில் நிற்கும். எதிராளி எதிர்பாராமல் பின்வாங்கினால் ஐந்தாவது அழுத்தத்தை விட்டுவிட்டு விரல் வேறு பக்கம் திரும்பும். களைத்த விரலுக்கும் பயந்த விரலுக்கும் தவறிப்போகிற வாய்ப்பு எப்போதும் இருக்கிறது. ஆட்டத்தில் பணயம் வைப்பதே அந்த வாய்ப்பைத்தான். பாவு நூல் அறுந்தால் கைநெசவாளரின் கைக்கு உடனே தெரிகிறது. மேக்ரோவுக்கு எதிராளி இருப்பதே தெரியாது. தவறவே முடியாத ஒன்றைத் தவறாமல் செய்ததற்கு யாரைப் பாராட்டுவது?

இன்னொரு மறுப்பு நம் ஊர்ப் பிழைப்பைத் தொடுகிறது. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் திருச்செங்கோட்டிலும் இளம்பிள்ளையிலும் விசைத்தறியை நம்பித்தான் குடும்பங்கள் வாழ்கின்றன. மோட்டாரை இழிவாகப் பேசுவது வயிறு நிறைந்தவர்களின் சொகுசு என்று சொல்லலாம். நான் மோட்டாரைப் பழிக்கவில்லை. சேலை உடுத்துகிறவருக்காக நெய்யப்படுகிறது, வேலை முடிந்தபின் மிஞ்சுவது சேலை. கைவலியைக் குறைத்து அதே சேலையைத் தருகிற எதுவும் வரவேற்கத்தக்கது. டிடிபி கடையில் ஒரே மாதிரி நூறு அழைப்பிதழுக்கு லே-அவுட் போடுகிறவரும், பில்லிங் கவுன்டரில் நாளெல்லாம் உட்காருகிறவரும் மேக்ரோ பட்டன் வைத்துக்கொண்டால் நான் கைதட்டுவேன். விளையாட்டில் முடிவில் மிஞ்சும் சேலை எது? ஒன்றுமில்லை. அழுத்திய நேரம்தான் அங்கே கிடைத்த பொருள். அதையும் கருவியிடம் கொடுத்துவிட்டால் கையில் இருப்பது ஸ்கோர் என்ற ஓர் எண் மட்டும்.

அப்படியானால் வீட்டில் தனியாக ஆடுகிறவர்? அவர் யாரையும் ஏமாற்றவில்லை, உண்மை. இருந்தாலும் மேக்ரோவை அவர் எங்கே போடுகிறார் என்று பார்த்தால் ஒன்று புரியும். பெரும்பாலும் அலுப்பூட்டும் இடத்தில்தான்: ஒரே பாறையை ஐந்நூறு முறை உடைக்க, ஒரே அரக்கனை இரவெல்லாம் கொன்று நாணயம் சேர்க்க. பட்டனை இறுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். நாம் இல்லாதபோதும் நடக்கிற ஆட்டம், நமக்காகச் செய்யப்பட்டதா என்று அங்கே கேட்க வேண்டும். அநேகமாக அது நம் நேரத்தைப் பிடித்து வைத்திருக்க, அலுத்தவரிடம் குறுக்குவழியைக் காசுக்கு விற்கச் செய்யப்பட்ட ஆட்டம். ஆகவே தனியாக ஆடும்போது மேக்ரோ குற்றமே இல்லை, ஆனால் நல்ல சாட்சி. எந்த இடத்தில் அதைப் போடத் தோன்றுகிறதோ அந்த இடம் ஆடத் தகுதியற்றது. அத்தகைய இடங்கள் பாதிக்கு மேல் இருந்தால் ஆட்டத்தை மாற்றுவதே புத்தி.

உடல் முழுதாக ஒத்துழைக்காதவர்கள் விஷயத்தில் என் கோடு வளைய வேண்டும், வளைப்பதில் எனக்குத் தயக்கமில்லை. 2018-ல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரில் இரண்டு பெரிய பட்டன்களும், காலால் மிதிக்கும் சுவிட்ச், முழங்கையால் தட்டும் சுவிட்ச் என்று எதை வேண்டுமானாலும் செருகிக்கொள்ள வரிசையாகத் துளைகளும் உண்டு. 2023 டிசம்பரில் சோனியின் ஆக்சஸ் கன்ட்ரோலர் வந்தது. இவர்களுக்கு ரீமேப் ஆட்டத்துக்குள் நுழையும் வாசல். வேகமாகத் தட்ட முடியாத கைக்கு டர்போவும் தேவைப்படலாம். 2020-ல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 2, தொடர்ந்து தட்ட வேண்டிய இடங்களில் பிடித்திருந்தால் போதும் என்ற தேர்வை ஆட்டத்துக்குள்ளேயே வைத்தது. விரல்மூட்டு வலிக்கு அஞ்சுகிறவர்களுக்கும் அதுவே சரியான பதில். போட்டிக்கு வரும்போது சமன் பார்ப்பது எப்படி என்று கேட்டால், சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை நினைத்துக்கொள்ளலாம். 2016 ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டலில் டி-42 பிரிவில் தங்கம் வாங்கினார்; டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரீசில் வெண்கலம். யார் யாரோடு தாண்டுவது என்பதை உடல்நிலை பார்த்துப் பிரித்து வைத்த ஏற்பாடு அங்கே இருக்கிறது. அந்த ஏற்பாடு அவர் வெற்றியை எள்ளளவும் குறைக்கவில்லை. கணினி விளையாட்டிலும் அதைச் செய்யலாம். குறைபாடு உள்ளவர்களைக் காட்டி எல்லாருக்கும் மேக்ரோ கேட்பது மட்டும் வேண்டாம்.

வாங்குவதிலுள்ள சில்லறைத் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். பின்பட்டன் பழக்கம் கைக்கு ஏற நாளாகும். ஏறியபின் நண்பர் வீட்டுச் சாதாரணப் பேடில் கை திணறும். பல பேடுகளின் செட்டிங் சாஃப்ட்வேர் விண்டோஸில் மட்டும் ஓடும். அளவுகள் பேடுக்குள்ளேயே சேமிப்பாகிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது. எத்தனை புரோகிராம் போட்டாலும் ஸ்டிக் தேய்ந்து தானாக நகரத் தொடங்கினால் பேடு வீண்; உரசித் தேயாத ஹால் எஃபெக்ட் ஸ்டிக் உள்ளதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது தகும். குறிபார்த்துச் சுடும் ஆட்டங்கள் மட்டுமே ஆடுகிறவர் பேடே வாங்க வேண்டாம், மவுஸ் போதும்.

2025 ஆகஸ்டில் நிறைவேறிய இணைய விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸை முறையான போட்டி விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. கல்லூரி விழாக்களில் நடக்கும் கேமிங் போட்டிகள் இனி முறையான போட்டி என்ற கண்ணோடுதான் பார்க்கப்படும். பொறியியல் கல்லூரிகள் நிறைந்த சேலம், நாமக்கல் பக்கத்தில் அவற்றை நடத்துகிற மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த பிராண்டு செல்லும், எது செல்லாது என்று பட்டியல் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம். பேடைக் கொண்டுவரட்டும், பட்டனை எங்கே வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும். விதித்தாளில் ஒரு வரி போதும்: ஓர் அழுத்தத்துக்கு ஒரு செயல். அதை மீறினால் ஆட்டம் இல்லை.