நகலுக்கும் பெயர் உண்டு

ஒரே அச்சில் வார்க்கப்பட்ட பெண்களைப் பற்றி 2013இல் வெளிவந்த கனடா நாட்டுத் தொடர் ‘ஆர்ஃபன் பிளாக்’. ஜலகண்டாபுரத்தில் அதைப் பார்த்த எங்கள் வீட்டுப் பிள்ளை, “நகலுக்கு ரூஹு உண்டா, அத்தா?” என்று கேட்டான்.

இது வெறுங்கதையன்று. 1996இல் ஸ்காட்லாந்தில் டாலி என்னும் ஆடும், 2009இல் கர்னாலில் கரிமா என்னும் எருமைக்கன்றும் இம்முறையில் பிறந்தன. மனிதரை இவ்வாறு உண்டாக்குவது கூடாதென்று 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு கழகம் தீர்மானித்தது.

ஆனால், செயல் தவறென்பதால் பிறந்த பிள்ளையும் தவறாகிவிடுமா? ஒரே கருவினின்று பிரிந்த இரட்டையரும் ஒரே அச்சுத்தானே! இருவர் காதிலும் தனித்தனியே பாங்கு சொல்கிறோம். தனித்தனியே பெயரிட்டு அகீகா கொடுக்கிறோம். மறுமையில் ஒருவர் கணக்கை மற்றவரிடம் கேட்பதுமில்லை.

குற்றம் உண்டாக்கியவரைச் சாரும். பிள்ளைக்குரிய பாங்கை மறுக்க நமக்கு உரிமையில்லை. வல்ல அல்லாஹ்வே நன்கறிந்தவன்.